தம்பி கல்யாணமும் என் இடது இமையும்

போடாக்ஸ் என்று பலரும் சொல்கிற, முகச் சுருக்கம் போக்கும் ஊசியைப் போட்டுக்கொண்ட பிறகு முகத்தை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒரு தாளை அந்தத் தோல் மருத்துவ நிலையத்தில் எனக்குக் கொடுத்தார்கள். நான் அதை ரசீதோடு சேர்த்து மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன். எடுத்துப் படித்தது ஆறாம் நாள் இரவு, இடது கண் பாதி மூடிக்கிடந்த நிலையில். அந்தத் தாளில் செய்யாதீர்கள் என்று எழுதியிருந்த எட்டு விஷயங்களில் ஐந்தை நான் முதல் இரண்டு நாட்களிலேயே செய்து முடித்திருந்தேன். யாராவது ஒருவர் தாளை நீட்டாமல் எதிரே உட்கார்ந்து தமிழில் பத்து நிமிடம் பேசியிருந்தால் எனக்கு அந்த இரண்டு மாதம் மிச்சமாகியிருக்கும். எனக்கு யாரும் பேசவில்லை என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

எனக்கு வயது நாற்பத்தைந்து. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். பிறந்த ஊர் காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். இருபது வருடமாகக் கணினித் திரையையும் வரிக் கணக்கையும் உற்றுப் பார்த்ததில், இரண்டு புருவங்களுக்கும் நடுவில் ‘11’ என்று எழுதியதைப் போல இரண்டு கோடுகள் ஆழமாக விழுந்துவிட்டன. எனக்கு அவற்றால் வலியோ தொல்லையோ இல்லை. ஆனால் பார்ப்பவர்கள் எல்லோரும், “ஏனுங் அம்மணி, கோவமா இருக்கறீங்களா?” என்று கேட்பார்கள். நான் நன்றாகச் சிரித்துக்கொண்டிருக்கும் நாளிலும் கேட்பார்கள். தம்பிக்கு எட்டு வருடம் பெண் தேடி, முப்பத்தேழாவது வயதில் ஒரு வழியாகக் கல்யாணம் கூடி வந்தது. எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் உடன்பிறந்தவளை அவர் பக்கத்தில் இருத்தி இணைச்சீர் செய்வார்கள் என்பது கொங்கு நாட்டாருக்குத் தெரியும். அன்றைக்கு அத்தனை சொந்தக்காரர்களும் கேமராக்களும் பார்ப்பது அக்காவின் முகத்தைத்தான். எட்டு வருடக் காத்திருப்புக்குப் பிறகு எடுக்கிற அந்தப் படத்தில் நான் கோபக்காரியாகத் தெரியக்கூடாது என்று நினைத்தேன். இதை எழுதும்போது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் காரணம் அதுதான்.

கல்யாணம் தை மாதத்தில் ஒரு புதன்கிழமை. பதின்மூன்று நாட்களுக்கு முன்பு, ஒரு வியாழக்கிழமை காலையில், முகூர்த்தத்துக்கு உடுத்தச் சேலை எடுக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வாடகைக் காரில் கோயம்புத்தூர் போனேன். என் வீட்டுக்காரரிடம் ஊசியைப் பற்றி மூச்சு விடவில்லை. அந்த நிலையத்தை விளம்பரம் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தேன். வெள்ளைக் கோட்டு அணிந்த ஒருவர் வந்து, புருவ நடுவில் ஐந்து இடங்களிலும் நெற்றியில் ஒரு வரிசையாகவும் மெல்லிய ஊசியால் குத்தினார். மொத்தம் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மருந்தின் அளவு முப்பது யூனிட், ஒரு யூனிட்டுக்கு 350 ரூபாய், ஆலோசனைக் கட்டணம் 800. அவர் பெயர் என்ன, என்ன படித்தவர் என்று நான் கேட்கவில்லை. ரசீதிலும் மருத்துவரின் பெயர் இல்லை. குப்பியைக் காட்டுங்கள் என்று கேட்கலாம் என்பதும் எனக்கு அப்போது தெரியாது.

அந்த ஒரு மணி நேரத்தில் நான் கேட்டிருக்க வேண்டியவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஊசி போடுபவர் தோல் மருத்துவமோ பிளாஸ்டிக் அறுவை மருத்துவமோ படித்தவரா, தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் அவருடைய பதிவு எண் என்ன என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. மருந்துக் குப்பியைக் கண்ணெதிரே எடுக்கச் சொல்லி, அதன் பெயர், தொகுதி எண், காலாவதித் தேதி ஆகியவற்றைக் கைபேசியில் படம் பிடித்துக்கொள்ளலாம். பொதுவாகக் குளிர்பதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டிய மருந்து அது. ஒரு கம்பெனி மருந்தின் யூனிட்டும் இன்னொரு கம்பெனி மருந்தின் யூனிட்டும் சமமல்ல என்பதால், ரசீதில் மருந்தின் பெயரும், எந்த இடத்தில் எத்தனை யூனிட் என்பதும் எழுதியிருக்க வேண்டும். பின்னால் ஏதாவது கோளாறு வந்தால் அடுத்த மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான். ஊசிக்கு முன்பு நம் முகத்தை, சாதாரணமாக வைத்தும் புருவத்தைச் சுளித்தும், நாமே படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் இதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். மயஸ்தீனியா போன்ற தசைத் தளர்ச்சி நோய் உள்ளவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்கவே கூடாது. ஆஸ்பிரின், மீன் எண்ணெய் மாத்திரை, வைட்டமின் ஈ ஆகியவை ஊசி குத்திய இடத்தில் ரத்தக்கட்டை அதிகமாக்கும் என்பதால் அவற்றை எடுப்பவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இதய நோய்க்காக ஆஸ்பிரின் எடுப்பவர் ஒரு சுருக்கத்துக்காக அதைத் தானாக நிறுத்திவிடக் கூடாது.

ஊசி முடிந்தபோது மணி பதினொன்றரை. குத்திய இடங்களில் கொசு கடித்ததைப் போலச் சின்னச் சின்னத் தடிப்புகள் இருந்தன. அவை அரை மணி நேரத்தில் அமுங்கிவிட்டன. நேராக ஒப்பணக்கார வீதிக்குப் போய்ச் சேலை எடுத்தேன். சாப்பிட்டுவிட்டு ஒன்றரை மணிக்குக் காரில் ஏறினேன். முந்தைய இரவு சரியாகத் தூங்காததால் பின்சீட்டில் காலை நீட்டிப் படுத்து, இடது கன்னத்தையும் நெற்றியையும் சால்வைச் சுருளில் அழுத்தி வைத்துக்கொண்டு அவிநாசி சாலை முழுக்கத் தூங்கினேன். திருப்பூர் வந்ததும் ஓட்டுநர் எழுப்பித்தான் எழுந்தேன். நெற்றியில் சால்வையின் நெசவு பதிந்திருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கல்யாண வேலைக்காக அம்மா என் வீட்டுக்கு வந்திருந்தார். தை மாதக் குளிரில் அண்டா நிறைய வெந்நீர் காய்ச்சி, நல்லெண்ணெயைச் சூடாக்கி வைத்துக்கொண்டு, “வா கண்ணு, கல்யாண அலைச்சலுக்கு முன்னால ஒரு தடவ தலைக்கு ஊத்திக்க” என்று கூப்பிட்டார். எங்கள் அம்மா எண்ணெய் தேய்ப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பல்லடத்துச் செக்கு ஓடுவதைப் போல இருக்கும். உச்சியில் அடித்து, கட்டை விரலால் புருவ நடுவிலிருந்து கன்னப்பொட்டு வரை இழுத்து இழுத்துத் தேய்த்தார். அரப்பைக் குழைத்துப் பூசும்போதும் அதே அழுத்தம். அதன் பிறகு சாமி கும்பிட்டுவிட்டுத் திருநீற்றை என் நெற்றியில் அழுத்திப் பூசினார். சனிக்கிழமை மாலை, முன்பதிவு செய்திருந்த பேஷியலுக்கு 2,500 ரூபாய் கொடுத்துப் போனேன். முகத்துக்கு ஆவி பிடித்து, முக்கால் மணி நேரம் மசாஜ் செய்து, நூலால் புருவமும் எடுத்தார்கள். அழகு நிலையப் பெண்ணிடம் ஊசியைப் பற்றிச் சொல்லியிருந்தால் அவரே தடுத்திருப்பார். வெட்கத்தால் மறைத்தேன்.

இவையெல்லாம் ஏன் கூடாது என்பது புரிய, மருந்து என்ன செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். எனக்கு இதைப் பின்னால் ஒரு கண் மருத்துவர்தான் விளக்கினார். நரம்பு நுனியிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற பொருள் சுரந்து தசைக்கு ‘சுருங்கு’ என்று சொல்கிறது. இந்த ஊசியில் இருக்கும் பாட்டுலினம் நச்சு அந்தச் சுரப்பைத் தடுக்கிறது. தசை அசைவில்லாமல் ஓய்ந்து கிடக்க, மேலிருக்கும் தோலின் கோடு தளர்கிறது. பெயரில் நச்சு இருந்தாலும் மருந்தில் இருப்பது மிக மிகச் சிறிய அளவு. பலன் உடனே தெரியாது. மூன்று நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் தொடங்கி, இரண்டு வாரத்தில் முழுமையடைந்து, மூன்று அல்லது நான்கு மாதம் நிற்கும். நரம்பு மறுபடி வேலை செய்யத் தொடங்கும்போது கோடும் திரும்பி வரும். குத்திய மருந்து சிறிது தூரம் பரவும் தன்மை உடையது. புருவத்துக்குக் கீழே, எலும்பு விளிம்பைத் தாண்டிப் பரவினால், மேலிமையைத் தூக்கிப் பிடிக்கும் தசையைப் போய்ச் சேர்ந்துவிடும். அந்தத் தசை மிகவும் மெல்லியது, கொஞ்சம் மருந்து பட்டாலே சோர்ந்துவிடும். ஆக, முகம் வெளியே எவ்வித மாற்றமும் இல்லாமல் இருக்கிற அந்த முதல் நாளில்தான் கை வைக்காமல் இருக்க வேண்டும். எதுவும் தெரியாத நாளில் எதுவும் நடக்கவில்லை என்று நாம் நினைத்துக்கொள்வதுதான் ஆபத்து.

திங்கட்கிழமை நெற்றி வழுவழுப்பாகிக்கொண்டு வந்தது. கண்ணாடி முன்னால் நின்று புருவத்தைச் சுளிக்க முயன்று, முடியாமல் போனதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். செவ்வாய்க்கிழமை காலை எழுந்தபோது இடது கண் கனமாக இருந்தது. தூக்கம் போதவில்லை என்று நினைத்தேன். மதியம் அலுவலகத்தில் ஒரு பெண், “அக்கா, ஒரு கண்ணு சின்னதா இருக்குதுங்க” என்றாள். மாலையில் இமை, கருவிழியின் மேல் பாதியை மூடிவிட்டது. வண்டி ஓட்டும்போது மேலே இருக்கும் சிக்னல் விளக்கு தெரியாமல் தலையை அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தார், உடனே பக்கவாதம் என்றார். அவருடைய அப்பா அப்படித்தான் விழுந்தார். தம்பிக்குப் போன் செய்தார், அவன் காங்கேயத்திலிருந்து வண்டியை விரட்டிக்கொண்டு வந்தான். கல்யாண மாப்பிள்ளை என்னை அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு போனான்.

நான் செய்ததிலேயே பெரிய முட்டாள்தனம் இங்கேதான். மருத்துவர், “ஏதாவது மருந்து, ஊசி எடுத்தீங்களா?” என்று கேட்டபோது, பக்கத்தில் வீட்டுக்காரரும் தம்பியும் நின்றதால் இல்லை என்று தலையாட்டினேன். அவர் வேறு வழியில்லாமல் சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொன்னார். 3,500 ரூபாய். அவசரப் பிரிவுக் கட்டணம் 1,200. ஸ்கேனில் எதுவும் இல்லை என்று வந்த பிறகுதான், செவிலியரைத் தனியாக அழைத்து உண்மையைச் சொன்னேன். அந்த இளம் மருத்துவர் கோபப்படவில்லை. “இத முதல்லயே சொல்லியிருந்தா உங்களுக்கு இந்தப் பயமும் வேண்டாம், கதிர்வீச்சும் வேண்டாம்ங்க” என்று மட்டும் சொன்னார். அதே சமயம் அவர் சொன்ன இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஊசி போட்டிருக்கிறோம் என்பதற்காக எல்லாவற்றையும் ஊசியின் மேல் போட்டுவிடவும் கூடாது. வாய் ஒரு பக்கம் கோணினாலோ, கை கால் வலுவிழந்தாலோ, பேச்சு குழறினாலோ அது வேறு விஷயம், உடனே 108-ஐ அழைக்க வேண்டும். விழுங்கச் சிரமம், மூச்சுத் திணறல், குரல் மாறுதல், இரட்டையாகத் தெரிதல், உடம்பு முழுக்கச் சோர்வு ஆகியவை ஊசிக்குச் சில மணி நேரத்திலிருந்து சில வாரம் வரை எப்போது வந்தாலும் வீட்டில் காத்திருக்கக் கூடாது. மருந்து தூரமாகப் பரவியதன் அறிகுறியாக அவை இருக்கலாம். இப்படி நேர்வது அரிது.

வீட்டுக்கு வந்து தாளைத் தேடிப் படித்தது மறுநாள் புதன் இரவு. நான்கு மணி நேரம் படுக்காதீர்கள். 24 மணி நேரம் தேய்க்காதீர்கள், அழுத்தாதீர்கள். அன்று கடுமையான உடற்பயிற்சியும் மதுவும் வேண்டாம். அதிகச் சூடு, ஆவி வேண்டாம். இரண்டு வாரம் முக மசாஜ் வேண்டாம். படிக்கப் படிக்க அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. வியாழன் காலை அந்த நிலையத்துக்குப் போன் செய்தேன். எடுத்த பெண், “அது தானா சரியாயிடும் மேடம்” என்றார். எப்போது என்று கேட்டேன். டாக்டர் விடுப்பில் இருக்கிறார், இரண்டு வாரம் கழித்து ரிவ்யூவுக்கு வாருங்கள் என்றார். இரண்டு வாரம் கழித்து என்றால் என் தம்பிக்குக் கல்யாணம் முடிந்திருக்கும்.

அன்றைக்கே கோயம்புத்தூரில் ஒரு கண் மருத்துவரைப் பார்த்தேன். அவரைச் சந்தித்த முக்கால் மணி நேரத்துக்கு நான் கொடுத்த 700 ரூபாய்தான் இந்தக் கதையில் வீணாகாத பணம். இந்த மருந்தைக் கண் மருத்துவர்கள்தான் முதலில் கையாண்டார்கள் என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தேன். சான் பிரான்சிஸ்கோவில் ஆலன் ஸ்காட் என்ற கண் மருத்துவர் மாறுகண்ணுக்காக இதை ஆராய்ந்தார். 1989-ல் அமெரிக்க மருந்துத் துறை மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும் இதை அனுமதித்தது. கனடாவின் வான்கூவரில் ஜீன் கரூதர்ஸ் என்ற கண் மருத்துவர், இமைத் துடிப்புக்கு ஊசி போட்ட நோயாளியின் புருவச் சுளிப்பு மறைந்ததைக் கவனித்து, தோல் மருத்துவரான தன் கணவரோடு சேர்ந்து அதை ஆராய்ந்து 1992-ல் வெளியிட்டார். புருவ நடுக் கோட்டுக்கு அங்கே அனுமதி கிடைத்தது 2002-ல். “கண்ணுக்குன்னு வந்த மருந்து, அதனால கண்ணுக்கு என்ன பண்ணும்னு எங்களுக்குப் பழக்கந்தான்” என்றார். அந்த ஒரு வார்த்தையில் என் பயம் பாதி இறங்கியது.

நான் தூங்கியதாலா, அம்மா தேய்த்ததாலா, பேஷியலாலா என்று கேட்டேன். அவர் என்மேல் பழி போட ஒப்புக்கொள்ளவில்லை, என்னை முழுதாக விடுவிக்கவும் இல்லை. நான்கு மணி நேரம் நிமிர்ந்திருக்க வேண்டும் என்பதற்கு வலுவான ஆராய்ச்சிச் சான்று கிடையாது. செலவில்லாத எச்சரிக்கை என்பதால் மருத்துவர்கள் சொல்கிறார்கள். அதே நாளிலும் மறுநாளிலும் அழுத்தித் தேய்த்தது மருந்தை நகர்த்தியிருக்கக்கூடும். ஆனால் ஊசியே புருவ எலும்பு விளிம்புக்கு மிக அருகில் இறங்கியிருந்தாலும் இதே விளைவுதான். அந்த இடத்தில் விளிம்புக்கு மேலே குறைந்தது ஒரு சென்டிமீட்டர் விட்டுக் குத்த வேண்டும் என்பது விதி என்றார். என் இடது புருவத்துக்கு மேலே இன்னும் மங்காத ஒரு ரத்தக்கட்டுப் புள்ளியை விரலால் அளந்து பார்த்துவிட்டு, எதுவும் சொல்லாமல் விட்டார். அந்த மௌனத்துக்கு எனக்குப் பொருள் தெரிந்தது. ரசீதில் யார் பெயரும் இல்லாதபோது யாரிடம் போய்க் கேட்பது?

இந்த மருந்தின் வேலையை முறிக்கும் மருந்து கிடையாது, இமைச் சரிவு சில வாரங்களில் தானே சரியாகும் என்றார். இமையில் இன்னொரு சின்னத் தசை இருக்கிறது, அதைத் தூண்டும் சொட்டு மருந்து இமையை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உயர்த்தும், அதுவும் சில மணி நேரத்துக்கு மட்டும் என்று எழுதிக் கொடுத்தார். சொட்டு மருந்தைக் கடையில் நாமாகக் கேட்டு வாங்கக் கூடாது. கண் அழுத்தம், ரத்த அழுத்தம் பார்த்துத்தான் தருவார்கள். திருப்பூரில் நான்கு கடைகளில் இல்லை, கோயம்புத்தூரிலிருந்தே வரவழைத்தேன். இமையைத் தேய்த்துவிட்டால் சீக்கிரம் எழும் என்று எங்கள் சின்னம்மா சொன்னார், வெந்நீர் ஒத்தடம் கொடு என்று என் நங்கையா, அதாவது பெரியப்பா மகன் மனைவி, சொன்னார். இரண்டும் வேண்டாம் என்று மருத்துவர் தெளிவாகச் சொல்லியிருந்தார். மருந்து ஏற்கெனவே தசையில் பிடித்துவிட்டது, இனித் தேய்ப்பதால் கண் எரிச்சல்தான் மிஞ்சும்.

கல்யாணத்தன்று முகூர்த்தம் விடியற்காலை ஐந்தரைக்கு. நான்கு மணிக்கே சொட்டு மருந்தைப் போட்டுக்கொண்டேன். மண்டபக் கண்ணாடியில் இமை கொஞ்சம் எழுந்து தெரிந்தது. சிரித்தால் இரண்டு கண்ணும் சமமாகச் சுருங்குவதால் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியவில்லை. அதனால் காலையிலிருந்து மதியம் வரை நான் சிரித்துக்கொண்டே இருந்தேன். இணைச்சீர் நடக்கும்போது, சடங்கை நடத்தி வைக்கும் அருமைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “அம்மணிக்குத் தூக்கமில்லாட்டிருக்குது” என்றார். வந்தவர்களில் பாதிப்பேர் கண்ணுக்கு என்ன ஆச்சு என்று கேட்டார்கள், பூச்சி கடித்தது என்று சொன்னேன். கோபமா என்று ஒருவரும் கேட்கவில்லை! பத்து மணிக்கு மருந்தின் வேகம் குறைந்து இமை பழையபடி இறங்கியது. அதற்குப் பிறகு எடுத்த எந்தப் படத்திலும் நான் நேராகப் பார்க்கவில்லை. அன்று இரவு மண்டபத்துக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். தம்பியின் சந்தோஷத்தை முழுதாகக் கண் திறந்து பார்க்கவில்லையே என்ற ஆற்றாமை அது.

இமை நான்காம் வாரத்தில் எழத் தொடங்கியது. ஏழாம் வாரத்தில் கூர்ந்து பார்த்தால் மட்டும் தெரிகிற அளவுக்கு வந்து, பிறகு சரியாகிவிட்டது. நெற்றி அதற்குப் பிறகும் வழுவழுப்பாகவே இருந்தது. இமைக்குப் போய்ச் சேர்ந்தது சிறிதளவு என்பதால் அங்கே சீக்கிரம் தேய்ந்துவிட்டது. கணக்குப் பார்க்கிறவள் என்பதால் இதற்கும் ஒரு கணக்கு எழுதி வைத்தேன். ஊசிக்கும் ஆலோசனைக்கும் 11,300, அவசரப் பிரிவும் ஸ்கேனும் 4,700, கண் மருத்துவரும் சொட்டு மருந்தும் 1,300, கோயம்புத்தூருக்கு மேலும் இரண்டு முறை வாடகைக் கார் 4,400, பேஷியல் 2,500, ஆல்பத்தில் என் கண்ணைத் திருத்தியதற்கு 4,000. மொத்தம் 28,200 ரூபாய். நான்கு நாள் விடுப்பும் இரண்டு மாதம் ஸ்கூட்டர் ஓட்டாததும் தனி. அழகுக்காகச் செய்துகொண்ட ஊசி என்பதால் காப்பீட்டில் கேட்கவும் முடியாது.

இவ்வளவு பட்ட பிறகும் நான் மறுபடி போட்டுக்கொண்டேன் என்றால் சிலருக்குச் சிரிப்பு வரும். எட்டு மாதம் கழித்து, புரட்டாசியில். எங்கள் பக்கம் புரட்டாசியில் கல்யாணம் வைக்க மாட்டார்கள், ஆகவே யாருக்கும் முகம் காட்ட வேண்டிய அவசியம் இல்லை. நாள் குறிப்பதில் அதுதான் முதல் காரணம். ஒரு விசேஷத்துக்காகப் போடுவதாக இருந்தால், முதல் முறை என்றால் குறைந்தது ஆறு வாரமாவது இடைவெளி விடுங்கள். இரண்டு வாரத்தில் பலன் முழுமையாகும், குறை இருந்தால் அப்போதுதான் சரிசெய்வார்கள், தப்பு நேர்ந்தால் ஆறவும் நாள் வேண்டும். இந்த முறை கண் மருத்துவர் சொன்ன ஒரு தோல் மருத்துவரிடம் போனேன். நெற்றிக்கு வேண்டாம், புருவ நடுவுக்கு மட்டும் இருபது யூனிட் போதும் என்று அவரே குறைத்தார். நெற்றித் தசையை அதிகம் தளர்த்தினால் புருவமே கீழிறங்கிக் கண் கனத்துவிடும், உங்கள் வயதில் அது வேண்டாம் என்றார்.

அன்று காலை பத்து மணிக்கு ஊசி. சாயிபாபா காலனியில் இருக்கும் என் சித்தி வீட்டுக்குப் போய், மூன்று மணி வரை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கறிவேப்பிலை உருவிக் கொடுத்தேன், பேசிக்கொண்டிருந்தேன். முதல் ஒரு மணி நேரம் அவ்வப்போது புருவத்தைச் சுளித்துச் சுளித்து விடச் சொல்லியிருந்தார்கள், செய்தேன். சித்தி பேரன் பயந்துபோனான். நம் வீடுகளில் முகத்துக்கு எத்தனை வழியாகக் கை வருகிறது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. ஸ்டிக்கர் பொட்டை அழுத்தி ஒட்டுவது சரியாக ஊசி குத்திய இடத்தில்தான். கோவிலில் திருநீறு வைப்பவர் கட்டை விரலை அழுத்துவதும் அங்கேதான். இறுக்கமான ஹெல்மெட், தலைவலிக்குக் கட்டும் துணி, குனிந்து போடும் பெரிய கோலம், சளி பிடித்தால் போர்வைக்குள் ஆவி பிடிப்பது, நூலால் புருவம் எடுப்பது என்று ஒவ்வொன்றாக எழுதி வைத்து, முதல் நாள் எல்லாவற்றையும் நிறுத்தினேன். முகம் கழுவலாம், ஆனால் ஒற்றி எடுக்க வேண்டும். துண்டால் துடைக்கக் கூடாது. லேசான தலைவலி வந்தது, பாரசிட்டமால் போட்டேன். அன்று இரவு மட்டும் இரண்டு தலையணை வைத்து மல்லாந்து படுத்தேன். பேஷியலும் புருவம் எடுப்பதும் இரண்டு வாரம் கழித்துத்தான். பதினான்காம் நாள் மருத்துவரே கூப்பிட்டு, படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அடுத்த ஊசிக்கு மூன்று மாதமாவது ஆக வேண்டும், அடிக்கடி போட்டால் உடம்பு எதிர்ப்பாற்றலை உண்டாக்கி மருந்து வேலை செய்யாமல் போகலாம் என்றார். இந்த முறை வீட்டுக்காரருக்கும் தெரியும். இருபது யூனிட் என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி யூனிட் என்ன விலை என்பதுதான்.

ஊசி போட்ட அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா மறுபடி வந்திருந்தார். அவரிடம் எதையும் மறைக்கவில்லை. இந்த முறை மருத்துவர் தமிழிலேயே எழுதிக் கொடுத்திருந்த தாளைச் சமையலறையில் நின்று முழுதாக வாசித்துக் காட்டினேன். கடைசி வரி வரைக்கும் கேட்டுவிட்டு, அரப்புக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே, “அப்போ அன்னைக்கு நாந்தான் கண்ண கெடுத்தனா?” என்றார். இல்லையம்மா என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. “செரி கண்ணு, நெத்திய உட்டுட்டு பின்மண்டைக்கு மட்டும் தேச்சு ஊத்தறேன், வா” என்று சொல்லிவிட்டு, எண்ணெயைச் சூடாக்கப் போனார்.